பாடக்குறிப்பு யாருக்காக? புதிதாக வகுப்பெடுக்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நியமனக் கடிதத்தோடு பாடசாலைக்குப் போகும் முதல் நாளில் உங்கள் கைக்கு வருபவை மூன்று: நேரசூசி, பாடநூல், வெறுமையான பதிவுப் புத்தகம். கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து, மூன்றாம் வருடம் பாடசாலையில் நின்று பயிலும் கட்டுறு பயில்வையும் முடித்தவர்களுக்கு அந்தப் புத்தகத்தை நிரப்பும் முறை ஓரளவு பழகியிருக்கும். பட்டம் முடித்து நேரே வகுப்புக்கு வருபவர்கள் பக்கத்து மேசை ஆசிரியரின் புத்தகத்தைப் பார்த்து எழுதத் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு பாடசாலை, தரம் 7 கணிதம். ஞாயிறு பின்னேரம் முழுவதும் இருந்து அடுத்த கிழமைக்கான பாடக்குறிப்புகளை நீலத்திலும் சிவப்பிலும் எழுதி முடிப்பேன். பகுதித்தலைவர் கையெழுத்து வைக்கும் பக்கம் மிக வடிவாக இருக்கும். பின்னங்கள் அலகு முடிந்த கிழமை ஆசிரிய ஆலோசகர் ஒருவர் மேற்பார்வைக்கு வந்தார். என் புத்தகத்தை அவர் திறக்கவேயில்லை. முன்வரிசைப் பிள்ளை ஒன்றின் கொப்பியைக் கேட்டு வாங்கினார். 1/2 + 1/3 = 2/5 என்று அதில் இருந்தது. அடுத்த கொப்பியிலும் அதுவே இருந்தது. "பிள்ளை, உம்மடை பாடக்குறிப்பு இந்தக் கொப்பியிலை எங்கை இருக்கு?" என்று, வகுப்புக்குக் கேட்காத குரலில், என்னிடம் மட்டும் கேட்டார்.

கீழே எழுதுபவை அந்தக் கேள்விக்குப் பதில் தேடித் தேடிப் பழகியவை. கணித ஆசிரியை என்பதால் உதாரணங்கள் கணிதத்திலிருந்து வருகின்றன. முறை எல்லாப் பாடத்துக்கும் பொருந்தும்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. பாடத்திட்டம் என்பது நாட்டுக்கே பொதுவானது. மகரகமவில் இருக்கும் தேசிய கல்வி நிறுவகம் தயாரிப்பது. 1985 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த நிறுவகம் அது. எந்தத் தேர்ச்சி (பிள்ளை பெற வேண்டிய திறன்), எந்தத் தேர்ச்சி மட்டம் (அந்தத் திறனுக்குள் வரும் படி), எத்தனை பாடவேளை என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆசிரியர் வழிகாட்டி அதன் துணை நூல். ஒவ்வொரு தேர்ச்சி மட்டத்தையும் வகுப்பில் எப்படிக் கொண்டுபோகலாம் என்று காட்டும். பாடநூல் பிள்ளைக்கானது, 1980 இலிருந்து அரசு இலவசமாகக் கொடுத்து வருவது. இவை மூன்றும் உங்களுக்கு வந்து சேருபவை. தவணைத் திட்டமும் நாளாந்தப் பாடக்குறிப்பும் மட்டுமே நீங்கள் ஆக்க வேண்டியவை.

பாடநூலை மட்டும் வைத்துத் திட்டமிடுவதை என் அனுபவத்தில் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். பாடநூலில் ஒரு அலகு 18 பக்கம் இருக்கலாம். அதற்குப் பாடத்திட்டம் ஒதுக்கியது 6 பாடவேளையாக இருக்கலாம். பக்கத்தை எண்ணிப் போகிறவர் மூன்றாம் தவணையில் ஓட வேண்டி வரும். பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் நிறுவகத்தின் இணையத்தளத்தில் தமிழிலேயே கிடைக்கின்றன. முழுவதையும் அச்செடுக்க வேண்டாம். தேர்ச்சி மட்டங்களும் பாடவேளைகளும் உள்ள அட்டவணைப் பக்கங்களை மட்டும் எடுத்துப் பதிவுப் புத்தகத்தின் முன்னட்டைக்குள் ஒட்டிவிடுங்கள். கலைத்திட்டம் மாறும் காலங்களில், எடுத்தது புதிய பதிப்புத்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள்களை எண்ணுங்கள்

தவணை தொடங்க முன்னர் ஒரு பின்னேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். நாள்காட்டி, நேரசூசி, பென்சில் மூன்றும் போதும்.

வாரத்துக்கு 5 பாடவேளை, தவணைக்கு 13 வாரம் என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் 65 பாடவேளை. இப்போது வெட்டத் தொடங்குங்கள். முதலாம் தவணை என்றால் தைப்பொங்கல், பெப்ரவரி 4 சுதந்திர தினம், மகா சிவராத்திரி, மாதம் ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை). பிறகு இல்ல மெய்வல்லுநர் போட்டி. போட்டி ஒரு நாள்தான். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு மூன்று கிழமை பின்பாதிப் பாடவேளைகள் மைதானத்துக்குப் போய்விடும். உங்கள் கணிதம் ஏழாம் எட்டாம் பாடவேளையில் விழுந்திருந்தால் அதிகம் இழப்பது நீங்கள். கடைசியில் தவணைப் பரீட்சைக் கிழமை. இவ்வளவும் போக எனக்குப் பெரும்பாலும் 48 அளவில்தான் மிஞ்சும்.

இரண்டாம் தவணையில் தமிழ்த்தினப் போட்டிப் பயிற்சிகள் வரும். நல்லூர் கொடியேறினால் 25 நாள். பாடசாலை நடக்கும் காலத்தில் திருவிழா வந்தால் தேருக்கும் தீர்த்தத்துக்கும் புதுப் பாடம் தொடங்காதீர்கள், பாதி வகுப்பு இருக்காது. மூன்றாம் தவணையில் நவராத்திரி, அதன் பின்னால் மாரி. யாழ்ப்பாணத்துக்கு வருடத்தில் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு ஒக்ரோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகளிலிருந்து வரும் பிள்ளைகள் யார் என்று அப்போதே தெரிந்து வைத்திருங்கள்.

48 கையில் இருந்தால் 48 க்கும் திட்டம் போடாதீர்கள். 40 க்குப் போடுங்கள். மிச்சம் 8 கையிருப்பு. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. விளங்காமல் போன பாடத்துக்குத் திரும்பிப் போவதற்கு அது மட்டும்தான் இடம். தீவகத்தில் படிப்பிப்பவர்கள் கையிருப்பை இன்னும் கூட்ட வேண்டும். குறிகட்டுவானில் நின்று நெடுந்தீவுப் படகைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு, கடல் கொந்தளித்தால் அன்றைய பாடம் இல்லை.

கடைசிக் கேள்வியை முதலில் எழுதுங்கள்

ஒரு அலகைத் தொடங்க முன்னர், அது முடிந்ததும் பிள்ளை எந்தக் கணக்கைத் தனியாகச் செய்ய வேண்டும் என்று தீர்மானித்து, அந்தக் கணக்கை எழுதி வைத்துவிடுங்கள். பாடக்குறிப்பின் நோக்கத்தில் "பின்னங்களைப் பற்றி விளங்கிக்கொள்வர்" என்று எழுதுவது எங்கள் எல்லோருக்கும் பழகிப்போன வழக்கம். விளங்கியதை உங்கள் கண்ணால் பார்க்க முடியாது. "பகுதியெண் வேறான இரண்டு பின்னங்களைக் கூட்டுவர், விடை சரியா என்பதை ஒரு படத்தால் காட்டுவர்" என்று எழுதினால் பார்க்கலாம்.

1956 இல் பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் கற்றல் நோக்கங்களைப் படிநிலைகளாக வகுத்ததன் பயன் இங்கேதான் இருக்கிறது. நினைவுகூர்தல் கீழே, பிரயோகித்தல் நடுவே, பகுத்தாய்தல், மதிப்பிடல் மேலே. ஒரு அலகுக்கு நீங்கள் எழுதிய கேள்விகள் எல்லாமே கீழ்ப்படியில் நிற்கின்றனவா என்று பார்க்க அதைப் பயன்படுத்துங்கள். அதற்கு மேல் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

ஒரு பாடவேளை, ஒரு பக்கம்

40 நிமிடத்துக்கான குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டினால் வகுப்பில் நின்று அதை வாசிக்க மாட்டீர்கள். 2007 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு இங்கே பரவலான 5ஈ மாதிரியின் ஐந்து படிகள், ஈடுபடல், ஆராய்தல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல், ஒரு பக்கத்துக்குள் அழகாக அடங்கும். 1987 அளவில் ரொஜர் பைபீயின் குழு அமெரிக்காவில் விஞ்ஞான பாடத்துக்காக உருவாக்கியது. கணிதத்துக்கும் நன்றாக ஒத்துவருகிறது. அந்த 2/5 கொப்பிகளுக்குப் பிறகு நான் திரும்ப எழுதிய பாடம் இது.

முதல் 5 நிமிடம்: 1/2 + 1/3 = 2/5 என்று நானே பலகையில் எழுதிவிட்டு, "2/5 பெரிசா, 1/2 பெரிசா?" என்று மட்டும் கேட்பேன். பதில் சொல்ல மாட்டேன்.

அடுத்த 12 நிமிடம்: ஒவ்வொரு சோடிக்கும் ஒரே நீளமான மூன்று கடதாசிக் கீலங்கள். ஒன்றை இரண்டாகவும் மற்றதை மூன்றாகவும் மடித்து, அரையையும் மூன்றிலொன்றையும் அடுத்தடுத்து வைக்கச் சொல்வேன். முழுக் கீலத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம்தான் குறைகிறது. யாராவது ஒரு பிள்ளை, "ரீச்சர், 2/5 அரையிலும் குறைவெல்லோ? அரையோடை இன்னும் சேர்த்தால் எப்பிடிக் குறையும்?" என்று கேட்கும். அந்தக் கேள்வி வரும் வரை காத்திருப்பேன். வராவிட்டால் ஒரு கீலத்தை ஐந்தாக மடித்துக் காட்டுவேன்.

பிறகு 10 நிமிடம் விளக்கம்: மூன்றாவது கீலத்தை ஆறாக மடித்தால் அரை என்பது 3/6, மூன்றிலொன்று என்பது 2/6, சேர்த்தால் 5/6. பொதுப் பகுதியெண் என்ற சொல் இப்போதுதான் பலகைக்கு வரும். அதன்பின் 8 நிமிடம் பாடநூல் பயிற்சியில் மூன்று கணக்கு. கடைசி 5 நிமிடம் கால்துண்டுக் கடதாசியில் ஒரேயொரு கணக்கு, 1/2 + 1/4, படத்தோடு. பெயரும் எழுத வேண்டும்.

பாடக்குறிப்பில் இதை எழுதும்போது ஒவ்வொரு படிக்கும் இரண்டு வரி போதும். ஆனால் பிள்ளைகளிடம் கேட்கப்போகும் கேள்வியைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ளுங்கள். வகுப்பில் நின்ற நிலையில் நல்ல கேள்வி வாயில் வருவது அரிது.

வலப்பக்க நிரல்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பாடக்குறிப்புப் பக்கத்தை நெடுக்காகக் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் நடத்த நினைத்தது. வலப்பக்கம் நடந்தது. வலப்பக்கத்தைப் பாடம் முடிந்த அன்றைக்கே, இடைவேளையிலோ வீட்டுக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கும்போதோ எழுத வேண்டும். இரவுக்குத் தள்ளினால் மறந்துவிடும்.

அந்தக் கால்துண்டுகளை மூன்று கும்பியாகப் பிரிக்க ஐந்து நிமிடம் போதும்: சரி, பிழை, வெறுமை. 38 பேர் வகுப்பில் ஒருநாள் 21 சரி, 11 பிழை, 6 வெறுமை என்று வந்தது. 11 பேரும் ஒரே பிழை. மேலேயும் கீழேயும் கூட்டியிருந்தார்கள். அவர்களுக்குக் கீலத்தோடு இன்னொரு முறை போதும். வெறுமையாகக் கொடுத்த 6 பேர் வேறு. அவர்களுக்குப் பெருக்கல் வாய்ப்பாடே தடையாக இருந்தது. இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துத்தான் முதல் வருடம் முழுவதும் கழித்திருந்தேன்.

வலப்பக்கத்தில் நான் எழுதுவது மூன்று வரி. எங்கே நின்றது, யாருக்கு எது வரவில்லை, நாளைக்கு எதிலிருந்து தொடங்குவது. பிள்ளையின் பெயரை எழுதுங்கள்; "சிலருக்கு விளங்கவில்லை" என்பது எவருக்கும் உதவாது. கையெழுத்துக்குப் போகும் புத்தகத்தில் திட்டம் தவறியதை எழுதலாமா என்று புதியவர்கள் பயப்படுவதுண்டு. தாராளமாக எழுதுங்கள். நல்ல பகுதித்தலைவர் முதலில் வாசிப்பது அந்த நிரலைத்தான். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்குப் புள்ளி இட வேண்டி வரும்போதும் கை தேடிப் போவது அங்கேதான்.

திட்டத்தைப் பிள்ளைகளிடமும் கொடுங்கள்

திட்டமிடல் ஆசிரியரின் மேசைக்குள் அடைபட்டுக் கிடந்தால் அதன் பாதிப் பயன் வீணாகிறது. ஒவ்வொரு அலகின் தொடக்கத்திலும் அரைப் பக்கத் துண்டு ஒன்றைப் பிள்ளையின் கொப்பியில் ஒட்டவையுங்கள். அதில் "என்னால் முடியும்" என்று தொடங்கும் ஐந்தாறு வரி. என்னால் ஒரு பின்னத்துக்குச் சமவலுப் பின்னம் எழுத முடியும். என்னால் பகுதியெண் வேறான பின்னங்களைக் கூட்ட முடியும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே பாடநூல் பக்க எண், பாடம் நடக்கும் கிழமை, பிள்ளை தானே அடையாளம் போட ஒரு பெட்டி.

அதன் பலன் எனக்கு முதலில் தெரிந்தது வராமல் போன பிள்ளைகளிடம்தான். வெங்காயம் கிண்டும் நாள்களில் தோட்டத்தில் நின்றுவிட்டு வரும் பிள்ளை, முன்பெல்லாம் "என்ன படிப்பிச்சனீங்கள்?" என்று கேட்கக் கூச்சப்பட்டுச் சும்மா இருந்துவிடும். துண்டு இருந்தால் எந்த வரி தவறியது, எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தானே கண்டுபிடிக்கிறது. பெற்றோர் சந்திப்பில் புள்ளியை மட்டும் காட்டாமல் அந்தப் பெட்டிகளைக் காட்டிப் பேசலாம். அம்மாமாருக்கு உடனே விளங்குகிறது.

இன்னொன்றையும் இங்கே மனந்திறந்து பேச வேண்டும். யாழ்ப்பாணத்தில் ரியூசன் பாடசாலையை முந்திக்கொண்டு ஓடுகிறது. நீங்கள் அலகைத் தொடங்கும்போதே, "ரீச்சர், இது ரியூசனிலை முடிஞ்சுது" என்று பத்துக் கை உயரும். கோபம் வரும், எனக்கும் வந்தது. இப்போது அலகின் கடைசிக் கேள்வியை முதல் நாளிலேயே கொடுத்துவிடுகிறேன். உண்மையாகவே செய்யத் தெரிந்தவர்கள் அதற்கு மேற்படியில் இருக்கும் கணக்குக்குப் போவார்கள், அல்லது பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். கேட்டதை மட்டும் வைத்துத் தெரியும் என்று நினைத்தவர்கள் தாங்களாகவே கவனிக்கத் தொடங்குவார்கள். ரியூசனுக்குப் போக வசதியில்லாத பிள்ளை, தான் மட்டும் பின்னால் நிற்கவில்லை என்பதைக் கண்ணால் காணும். எனக்கு இதில் மிகப் பெரிய நிறைவு அதுதான்.

கணினியும் கைத்தொலைபேசியும்

கையால் ஒரு தவணை முழுவதும் திட்டமிட்டுப் பழகிய பின்னர் இவற்றுக்கு வாருங்கள். தவணைத் திட்டத்தை எக்செலிலோ கூகுள் சீற்ஸிலோ போடுவது நல்லது. ஒரு பாடவேளை தவறினால் மிச்சத்தைக் கீழே தள்ள அழிறப்பர் வேண்டியதில்லை. ஒரே தரத்துக்கு இரண்டு ஆசிரியர்கள் இருந்தால் ஒரே தாளை இருவரும் பார்க்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்மொழி மூலப் பாடங்கள் உள்ளன. தமிழ், வரலாறு படிப்பிப்பவர்கள் 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தைத் தவறவிடாதீர்கள். எங்கள் ஊர்ப் பழைய பத்திரிகைகளையும் மலர்களையும் வகுப்புக்கு நேரே கொண்டுவரலாம்.

2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது வட்சப் குழுக்கள் வகுப்புகளாயின. அப்போது கண்டது ஒன்றுண்டு: வீட்டில் தொலைபேசி ஒன்றுதான், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், பிள்ளைக்கு அது கிடைப்பது இரவு எட்டுக்கு. 2022 இல் மின்சாரம் மணிக்கணக்கில் நின்றது. ஆகவே எதை அனுப்பினாலும் எழுத்தில் அரைப் பக்கமாக அனுப்புங்கள். காணொளியை அனுப்பினால் டேற்றா முடிந்துவிடும். கூகுள் கிளாஸ்ரூம் வசதியான கருவி, ஆனால் வகுப்பில் ஐந்து பேருக்கு அது எட்டாது என்றால் அந்த ஐந்து பேருக்கும் அதே பாடம் தாளில் போக வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது நொடியில் பாடக்குறிப்பு எழுதித் தருகின்றன. சற்ஜிபிற்றியிடமோ ஜெமினியிடமோ பயிற்சிக் கணக்குகள் கேட்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விஞ்ஞான ஆசிரியர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அவை தரும் தமிழ் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடநூல்களின் தமிழ். அங்கே ஒளிச்சேர்க்கை, எங்கள் பாடநூலில் ஒளித்தொகுப்பு. அங்கே ஆக்சிஜன், இங்கே ஒட்சிசன். எலக்ட்ரான் எங்களுக்கு இலத்திரன். முடுக்கம் எங்களுக்கு ஆர்முடுகல். அழுத்தம் எங்களுக்கு அமுக்கம். செல் எங்களுக்குக் கலம். இரண்டும் நல்ல தமிழே. ஆனால் சாதாரண தரப் பரீட்சை வினாத்தாளில் ஆர்முடுகல் என்று வரும்போது, முடுக்கம் என்று படித்த பிள்ளை திகைத்துப்போகும். கருவியிடம் கேட்கும்போது உங்கள் தேர்ச்சி மட்டத்தையும் பாடநூற் சொற்களையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். வந்ததை ஆசிரியர் வழிகாட்டியோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கணக்குகளின் விடையை நீங்களே செய்து பாருங்கள். பிழையான விடையையும் அவை உறுதியான குரலில் சொல்லும். பிள்ளைகளின் பெயரையும் புள்ளியையும் அவற்றில் ஒருபோதும் இடாதீர்கள்.

லீவு எடுக்க வேண்டி வந்தால்

ஒவ்வொரு அலகுக்கும் ஒரு றிலீவ் தாளைத் தயாராக வைத்து உப அதிபரிடம் கொடுத்துவிடுங்கள். வேறு பாட ஆசிரியர் வந்தாலும் நடத்தக்கூடியதாக, பிள்ளைகள் தாங்களே செய்யக்கூடிய பத்துக் கணக்கும் விடைத்தாளும் போதும். காய்ச்சல் வந்த அன்று காலமை அதைத் தயாரிக்க முடியாது.

இடமாற்றம் வரும்போது

உங்கள் பதிவுப் புத்தகத்தை அலுமாரியில் போட்டுப் பூட்டாதீர்கள். உங்கள் இடத்துக்கு வருபவருக்கு வலப்பக்க நிரல்களின் போட்டோக்கொப்பியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். எந்த அலகுக்குப் பாடத்திட்டம் சொன்னதைவிட இரண்டு பாடவேளை கூடத் தேவைப்பட்டது, தரம் 8 க்குப் போகும் எந்தப் பிள்ளைக்கு வாய்ப்பாடு இன்னும் வரவில்லை, யார் வெள்ளக் காலத்தில் வர முடியாத ஒழுங்கையில் இருக்கிறார்கள். வருபவர் அந்தப் பிள்ளையை முதல் நாளே பெயர் சொல்லிக் கூப்பிட்டு முன்வரிசையில் இருத்தலாம்.